சேகர் மச்சானின் துப்பாக்கிக்கு வந்த கைப்பிடி

சேகர் மச்சானுக்கு ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் போட்டி. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை வேகமாகப் பின்னால் இழுக்க ஒரு குட்டிக் கைப்பிடி வாங்கி, இன்று ஈப்போ கிளப்பில் இடது பக்கமாக மாட்டினான்.

"இங்க இருந்தாதான் இடது கைக்கு டக்குனு கெடைக்கும்லா."

குண்டில்லாமல் வலது இடுப்பு உறையில் செருகிப் பார்த்தான். கைப்பிடி நேராகத் தொப்பையில் குத்தியது.

பயிற்சி கொடுக்கும் மேரி அக்கா, "வலது பக்கம் மாத்திருடா" என்றார்.

"மாத்துனா கை சுத்திப் போவணும்க்கா, நேரம் போயிரும். போட்டி அன்னிக்கு மட்டும் வயித்த எக்கிக்கிறேன்."

"எங்க, இப்ப எக்கு மச்சான்" என்றேன்.

எக்கினான். நான் பத்து எண்ணுவதற்குள் முகம் சிவந்து, தொப்பை திரும்பி வந்துவிட்டது.

இப்போது சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யோசிக்கிறான். மூன்றாவது ரொட்டி சானாய் வருகிறது.

கைப்பிடியை மாற்றுவதா, ரொட்டியை நிறுத்துவதா? தைரியமுள்ளவர்கள் அவனிடமே சொல்லுங்கள்.