லாபிர் அழித்தும் அழியாத வரி

மாத்தளை டவுனில் லாபிரின் கொமினிகேஷன் கடைக்குள் நுழைந்தவர் எந்த நாட்டுக்குப் போன் எடுத்தார், எதைப் போட்டோகொப்பி அடித்தார் என்று யார் கேட்டாலும் லாபிர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. இத்தனைக்கும் மனுசர் பெரிய வாயாடி. கிரிக்கெட், மிளகு விலை, மச்சினனின் கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொட்டுவார். வாடிக்கையாளர் சங்கதி மட்டும் கடைக் கதவைத் தாண்டாது.

இரண்டாயிரத்து எட்டில் அந்தக் குணமே அவரைப் படாத பாடு படுத்தியது. எல்கடுவத் தோட்டத்துப் பள்ளியில் படிப்பிக்கும் கிருஷ்ணம்மா டீச்சர் சனிக்கிழமைதோறும் வந்து, மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தம்பியைத் தேடுவார். தம்பி லெட்சுமணன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். ஆமி நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் அவனைக் கொண்டுபோனார்கள், அதற்குப் பிறகு தகவல் இல்லை. டீச்சர் காணாமல் போனவர்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு உதவி நிறுவனத்துக்கு எழுதிப் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அந்த மெயில் கணக்கைத் திறந்து கொடுத்ததே லாபிர்தான். மற்ற நெட் கடைகளில் அடையாள அட்டை கேட்டார்கள். லாபிர் கேட்பதில்லை.

அடுத்த தெருவில் ஒரு நெட் கடைக்குள் சிவில் உடுப்பில் ஆட்கள் புகுந்து, யார் யார் எதைப் பார்த்தார்கள் என்று கிண்டிவிட்டு, முதலாளியையும் விசாரணைக்கு ஏற்றிப் போனார்கள். அன்று முதல் லாபிர், ஆள் எழும்பிப் போனதும் அந்த மெஷினின் நினைவைத் துடைத்துவிடுவார். அதுவரை நிம்மதி. பிறகு புது பிரவுசர் வந்தது. ஒரு எழுத்தை அடித்தால் போதும், என்ன தேடப்போகிறீர்கள் என்று அதுவே கீழே வரிசையாக எடுத்து நீட்டியது.

டீச்சர் போன பிறகு துடைத்துவிட்டு, லாபிர் சும்மா எம் என்ற எழுத்தை அடித்தார். ‘மிஸ்ஸிங் பர்சன் ஸ்ரீலங்கா’ என்று வந்து நின்றது. சிவில் உடுப்புக்காரர்கள் வந்து இந்த ஒரு எழுத்தை அடித்தால் போதும், டீச்சர் அகப்பட்டுவிடுவார்.

எல்லா எழுத்தையும் அடித்துப் பார்த்தால் எல்லோருடைய சங்கதியும் வெளியே வரும். பார்க்காவிட்டால் அழிந்ததா இல்லையா என்று தெரியாது. இது என்ன கரைச்சல் என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில் மதிய லுஹர் தொழுகைக்குக் கதவைச் சாத்தியிருந்த நேரத்தில், உலகத்தில் எவனும் தேடாத ஒன்றைத் தானே தேடினார்: பல்லேபொல பூசணிக்காய் அல்வா. துடைத்தார். பி அடித்தார். அல்வா போயிருந்தது. எம் அடித்தார். டீச்சரின் வரி அப்படியே இருந்தது. மெஷினை முழுசாக போர்மெட் பண்ணினார். பிஸ்மி சொல்லி எம் அடித்தார். அப்போதும் இருந்தது. தன் அல்வா போகிறதாம், டீச்சரின் வரி மட்டும் போகாதாம். இதில் என்ன நியாயம் என்று அவருக்கு விளங்கவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை டீச்சரை வாசலிலேயே மறித்தார்.

“கொஞ்ச நாளைக்கு வராதீங்க டீச்சர். நீங்க தேடுறது மெஷின்ல ஒட்டிக்கிட்டு போகுதில்ல. ஒங்களுக்குத்தான் ஆபத்து.”

“பதில் வந்திருக்கும் லாபிர் நானா. ஒரு தடவ பாத்துட்டுப் போயிர்றேன்.”

“வேணாம் டீச்சர். சொல்றத கேளுங்க.”

டீச்சர் குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். தான் செய்தது சரியா பிழையா என்று லாபிருக்கு அன்றும் தெரியவில்லை, அதற்குப் பிறகும் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பல்லேபொலையில் கூட்டாளி இத்ரூஸ் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி நெட் எடுத்திருந்தான். செட் பண்ணிக் கொடுக்கப் போன லாபிரின் விரல் தானாகவே எம்முக்குப் போனது. அதே வரி.

“இங்க எல்கடுவ டீச்சர் வந்தாங்களாடா?”

“எந்த டீச்சர்? பெட்டிய இப்பத்தானே ஒடச்சோம். பைத்தியமா மச்சான் ஒனக்கு?”

லாபிருக்கு அப்போதுதான் விளங்கியது. அது டீச்சர் விட்டுப்போன வரி அல்ல. நாடு முழுக்க அத்தனை பேர் அதையே தேடுவதால், அது எங்கிருந்தோ எல்லா மெஷினுக்கும் வருகிறது.

அங்கிருந்து நேரே எல்கடுவ பஸ் ஏறினார். விஷயத்தைக் கேட்டதும் டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கினார்.

கடையில் மெயிலைத் திறந்தால் பதில் இருந்தது. டீச்சரை மறித்த அதே வாரத்தில் வந்த பதில். அந்தப் பாஸ்வேர்ட் லாபிருக்கும் தெரியும். அடுத்தவர் கடிதத்தைத் திறப்பது ஹராம் என்று அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. தம்பி உயிரோடு ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறான், வீட்டார் அடையாள அட்டையோடு போனால் பார்க்கலாம் என்று எழுதியிருந்தது.

லாபிர் “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். டீச்சர் திரையில் இருந்த திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மாசமா, தன்னைய யாரும் தேடலன்னு தம்பி நெனச்சிருப்பான் நானா.”