புகைக்கு அளவெடுத்த அமராவதி

திருப்பூர் மண்ணரையில் அமராவதி அடித்த கத்தியைக் கண்டால் வெங்காயம் தானே தோலை உரித்துக்கொள்ளும் என்பார்கள். நம்பாதவர்கள் வெங்காயத்தையே கேட்டுக்கொள்ளட்டும். வாரமெல்லாம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கும் அவள், ஞாயிறானால் வீட்டுப் பின்புறச் சாய்ப்புக் கொட்டகையில் கரி உலையை மூட்டி இரும்பைக் காய்ச்சுவாள். கம்பெனியில் கொடுத்த நூல் வெட்டும் கத்தி மழுங்கிப்போன கோபத்தில் தொடங்கியது அது. கோபம் இன்றுவரை ஆறவில்லை.

தொல்லை புகையால் வந்தது. கணவன் அர்த்தநாரி வைத்துக்கொடுத்த புகைபோக்கி, வெளியே போக வேண்டிய புகையைச் சாய்ப்புக்குள்ளேயே உட்காரவைத்து விருந்து வைத்தது. திருப்பூர்க்காரர் வேறென்ன செய்வார்? மூடிய கம்பெனி ஒன்றிலிருந்து பழைய எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினார். அது புகையை ஒரே மூச்சில் உறிஞ்சிப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் துப்பியது. அங்கே ரோஸ்மேரி, குழந்தைகளின் ஞானஸ்நானத்துக்கென்று தைத்த வெள்ளைக் கவுன்களைக் காயப்போட்டிருந்தாள். அத்தனையும் புள்ளிமான் ஆயின.

"எக்கா, வார ஞாயித்துக்கெழம ஒரு புள்ளி விழுந்தாலும் வீட்டுக்காரர்ட்ட சொல்லி உலையத் தூக்க வச்சிருவேன், பாத்துக்கிடுங்க!" என்றாள் ரோஸ்மேரி. இரண்டு வீட்டுக்கும் சொந்தக்காரர் ஒருவரே. தூக்கச் சொன்னால் தூக்கித்தான் ஆகவேண்டும்.

கவுன்களைக் கெடுத்த வருத்தம் அமராவதிக்கு இருந்தது. உலை போய்விடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிது. முதல் வேலையாக ஃபேனைக் கழற்றினாள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, உலைக்கு மேலே குடைபோல் விரிந்திருந்த புகைபோக்கித் தகரத்துக்கு அடியில் நீட்டினாள். புகை உள்ளே நுழையாமல் விளிம்பையே சுற்றிச் சுற்றி வந்தது. அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டது.

"ஏனுங்க மாமா, இதுக்கு வாய் டபுள் எக்ஸெல்லு, கழுத்து ஸ்மாலு. இப்பிடி ஒரு பனியனத் தெச்சா செக்கிங்குல உடுவாங்களா?"

"வாய் பெருசா இருந்தா நெறையப் புகை போகுமுன்னு நெனச்சேன் புள்ள."

"புகைக்கு முன்னாடி வெறுங்காத்துப் போயி எடத்தப் புடிச்சுக்குதுங்க. டவுன் பஸ்ஸுல துண்டப் போட்டு சீட்டுப் புடிக்கறாப்பல."

குடை போயிற்று. நெருப்பை ஒட்டிப் பக்கவாட்டில் ஒரு சின்ன வாய் வைத்தாள். அதன் பின்னால் ஓரடி அகலத்துக்குக் கொழுத்த தகரக் குழாய், வளைவு நெளிவு இல்லாமல் நேரே மேலே.

உயரத்துக்கு மட்டும் அவள் டேப்பை எடுக்கவில்லை. மூங்கில் நுனியில் பனியன் வேஸ்ட்டுத் துணிக் கீற்று ஒன்றைக் கட்டிக் கூரைக்கு மேலே பிடித்தாள். தாழ்வாக இருந்தபோது கீற்று சுருண்டு சுருண்டு ரோஸ்மேரியின் மாடியையே எட்டிப் பார்த்தது. மூங்கிலை ஏற்றிக்கொண்டே போனாள். அந்த மாடியின் கைப்பிடிச் சுவரையும் தாண்டி நன்றாக மேலே போனபிறகு, கீற்று நிமிர்ந்து ஒரே போக்காகப் பறந்தது. குழாயை அந்த உயரத்துக்கே நிறுத்தினாள்.

ஞாயிறு வந்தது. ரோஸ்மேரி வேண்டுமென்றே புகைபோக்கிக்கு மிகப் பக்கத்தில் புதுக் கவுன் ஒன்றைக் கொடியில் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியோடு எதிரே உட்கார்ந்தாள். அமராவதி முதலில் காகிதத்தைக் கொளுத்திக் குழாய்க்குச் சூடேற்றினாள். பிறகு கரியைப் பற்றவைத்தாள். மஞ்சளாகக் கிளம்பிய புகை, யாரோ பெயர் சொல்லி அழைத்ததுபோல் சின்ன வாய்க்குள் திரும்பி, மேலே போயே போய்விட்டது. அதைப் பார்த்துத் தாராபுரத்தில் மழை வருகிறதென்று வற்றலை அள்ளி உள்ளே வைத்தார்களாம். அது அவர்கள் பாடு.

மாலையில் ரோஸ்மேரி கவுனை எடுத்துக்கொண்டு சாய்ப்புக்கே வந்து, முன்னும் பின்னும் புரட்டினாள். கழுத்துப் பட்டியில் கருப்பாக ஒன்று.

"எக்கா! இந்தா இருக்கு பாருங்க, புள்ளி!"

ஓங்கிய சுத்தியல் அமராவதியின் கையில் அப்படியே நின்றது. இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டிருக்க, புள்ளி கழுத்திலிருந்து இறங்கித் தோளைக் கடந்து, கை வழியாக நடந்துபோயிற்று.

எறும்பு.

ரோஸ்மேரி கவுனை ஒரு உதறு உதறி மடித்தாள்.

"சரிக்கா, என்னத்தப் பாக்கிய? அடிங்க. இரும்பு ஆறிரப் போவுது."