புதுத் தகட்டில் என் உப்பு முடிச்சு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்களில் ஒருவரிடமும் "தப்பு என்னுடையது" என்று நான் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலைமை வந்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாவது மகன் விராலிமலையில் ரோட்டோரமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. போன ஐப்பசியில் ஒரு பழைய கார் வந்தது. இரண்டே பேர் உட்காரலாம், கூரை கிடையாது, மூக்கு நீளம். அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார் என்றான் மகன். அறந்தாங்கிக்காரர் ஒருவர் துபாயில் வெகுகாலம் உழைத்துவிட்டு வந்து ஆசையாக வாங்கியது. அடித்தளம் முழுக்கத் துரு. கதவுக்குக் கீழே விரலால் குத்தினால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

பட்டறை வெல்டர் அன்னவாசல்காரர், என் மகனைவிடப் பத்து வயது மூத்தவர். இருபது நாள் மல்லாந்து படுத்து, துருவையெல்லாம் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். தேய்த்து முடித்த அன்று தகடு புதுப் பாத்திரம்போல மின்னியது. டீ குடிக்க வந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இத்தனை கண் பட்டால் ஆகுமா? வீட்டு வாசல் நிலையில் கட்டுவதுபோலக் கல்லுப்பையும் படிகாரத்தையும் துணியில் முடிந்து, அந்தத் தகட்டின் மூலையில் யாருக்கும் தெரியாமல் வைத்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் பிரைமர் பூச்சு அடிக்கக் கூடாதென்று காரைத் தார்ப்பாயால் மூடி வைத்தார்கள். ஐந்தாம் நாள் வெயில் வந்தது. எல்லோருக்கும் முன்னால் போய்ப் பாயைத் தூக்கிப் பார்த்தேன். முடிச்சு நீர்விட்டுக் கசிந்து, சுற்றிலும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் துரு. முடிச்சை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள்போல நின்றேன்.

மகன் வெல்டரோடு வந்து பார்த்தான். "என்னண்ணே இது? ஈரச் சாக்கை உள்ள போட்டுட்டுப் போனீங்களா?"

"நான் எதுக்குய்யா போடப்போறேன்? இரும்பப் பத்தி எனக்கே சொல்றியா?"

"ஒங்களத் தவிர யாரு அதுக்குள்ள எறங்குனா? வெள்ளிக்கிழமை அந்த ஆளு வாராரு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? நாளையிலேர்ந்து வர வேணாம்ணே."

வெல்டர் தன் பையை எடுத்தார். வெல்டிங் கண்ணாடியைக் கழற்றி அதில் வைத்தார். அடுத்து சுத்தியல். மடி ஈரம் என் இடுப்பில் சில்லென்று இறங்கியது.

"நிறுத்துங்கய்யா. வச்சது நான்," என்றேன். முடிச்சை எடுத்துக் காரின் மேல் வைக்கப் போனேன்.

"ஆத்தா! அங்கிட்டு வைக்காதீங்க!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

முதலில் சிரித்தது வெல்டர்தான். பையைப் பிரித்தார். உப்பைக் கழுவி, துடைத்துக் காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுத்தியலால் தட்டினார். கணீரென்று கேட்டது.

"மேலாப்புலதான் ஆத்தா புடிச்சிருக்கு. உள்ள போகல. இனிமே காருக்கு வேணாம், மல்லாக்கப் படுக்குற எனக்குச் சுத்திப் போடுங்க."

மகன் தலையைக் குனிந்துகொண்டு, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே," என்றான். அவர் பையை அவனே தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டினான். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்டதுபோல இருந்தது. அன்று சாயங்காலமே வெல்டருக்குச் சுற்றி, உப்பை மறக்காமல் அடுப்பில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை அறந்தாங்கிக்காரர் வந்தார். தகட்டைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

இதை நாலு நாளாக எழுத்துக்கூட்டி எழுதினேன். பேத்தி, இங்கிட்டு வந்து உட்கார். முதலிலிருந்து படித்துக் காட்டு. "வச்சது நான்" என்கிற இடத்தை முழுங்கிவிடாதே, சத்தமாகப் படி. வெல்டர் வெளியேதான் வேலை செய்கிறார், கேட்கட்டும்.