முக்கால் இஞ்சு சிலிண்டரும் இருபத்தைந்து மில்லி வால்வும்

ஓசூரில் ஹை-பிரஷர் வால்வு செய்யும் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு நாள், கடலே இல்லாத எங்கள் ஊருக்குக் கடல் சாமான் வந்தது.

கொண்டுவந்தவர் பெங்களூர் மஞ்சுநாத். இரண்டு காலி ஸ்கூபா சிலிண்டர்கள். அவற்றை இணைக்க, இரண்டு வால்வும் நடுவே ஒரு குழாயுமாக ஒரு பழைய மேனிஃபோல்டு. பர்கூர் பக்கம் குவாரிக் குழித் தண்ணீரில் மூழ்கிய மோட்டாரை எடுக்கும் கான்ட்ராக்ட் அவருடையது.

"நாளைக்கு இறங்கணும். இதை மாட்டிக் கொடுங்க, சாகு" என்றார். கன்னடத்தில் 'சாகு' என்றால் 'போதும்'. விருதுநகர்க்காரியான எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

வால்வைக் கையால் திருகினேன். வழுக்கிக்கொண்டு ஏறியது. ஆனால் லேசாக ஆடியது. மறையின் அளவு பார்க்கும் திரெட்டு கேஜைப் போட்டுப் பார்த்தேன். சிலிண்டர் கழுத்தில் முக்கால் இஞ்சு திரெட்டு, வால்வில் இருபத்தைந்து மில்லிமீட்டர் திரெட்டு. முக்கால் இஞ்சு என்பது பெயர்தான்; அந்த அளவு வால்வின் நிஜ விட்டம் இருபத்தாறு மில்லிமீட்டருக்கு மேல்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "உள்ள போவுதுல்லம்மா? டெஃப்லான் டேப்பை நாலு சுத்து சுத்தி ஏத்து." அவருக்கு அந்த டேப் சர்வரோக நிவாரணி.

"போகும் சார், நிக்காது. இருநூறு பார் அழுத்தத்துல காத்து அடைச்சா இது வால்வு இல்ல, தோட்டா."

"பதினஞ்சு வருஷமா தண்ணிக்குள்ள போறேன் மேடம்" என்றார் மஞ்சுநாத்.

"நீங்க கீழ போவீங்க சார். வால்வு மேல போகும்."

மாட்டியது சரி என்ற சர்டிஃபிகேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். முதலாளிக்குக் கோபம். "சரி, டெஸ்ட் போட்டே பாத்துருவோம்."

சிலிண்டரில் தண்ணீர் நிரப்பி, அந்த வால்வையே மாட்டி, டெஸ்ட் குழியில் இறக்கி, இரும்பு மூடி போட்டோம். ஃபிட்டர் முனிரத்தினம் பம்பை ஓட்டினார். மீட்டர் தொண்ணூறைத் தாண்டவில்லை. 'டப்' என்று வால்வு கழன்று மூடியில் மோதியது. இடுக்கு வழியே பீய்ச்சிய தண்ணீரில் முதலாளி தொப்பலாக நனைந்தார். வால்வின் திரெட்டு தேங்காய்த் துருவலாகக் கிடந்தது.

மஞ்சுநாத் ஒரு துருவலைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "கார் டிக்கில இன்னொண்ணு இருக்குது மேடம். நானே மாட்டினது. இதே மாதிரி வால்வு."

"காலியா?"

"ஃபுல்லு. எப்படியோ இதுவரைக்கும் நிக்குது."

"கார் எங்க நிக்குது?" என்றார் முதலாளி.

"உங்க ரூம் ஜன்னலுக்கு நேரா."

ஷெட்டை இரண்டே நிமிடத்தில் காலி செய்தோம். வெயிலில் கொதிக்கும் டிக்கியில் அதை விட்டுவைக்கவும் பயம், தூக்கவும் பயம். கடைசியில் மஞ்சுநாத்தே போனார். நான் சொன்னபடி வால்வுக்கு நேரே நிற்காமல், பக்கவாட்டில் கைநீட்டி, அதன் குமிழை நூலளவு திறந்து காற்றை வெளியே விட்டார். அரை மணி நேரம் 'உஸ்' என்ற சத்தம்.

ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் ஒளிந்திருந்த முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். "இன்னும் வருதா?"

"வருதுங்க சார்" என்றார் முனிரத்தினம். "பெங்களூர்க் காத்து, சில்லுன்னு இருக்குதுங்க."

சரியான முக்கால் இஞ்சு வால்வுகள் கிடைக்க நான்கு நாள் ஆனது. அவற்றை மாட்டி, டெஸ்டில் தேறிய பிறகுதான் மஞ்சுநாத் குவாரிக் குழியில் இறங்கினார். மோட்டாரை எடுத்துவிட்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. ஒன்று, திரெட்டு ஏறுவதை நம்பாதீர்கள். கழுத்திலும் வால்விலும் பொறித்திருக்கும் அளவைப் படித்து, கேஜ் போட்டுப் பாருங்கள். இரண்டாவதை அன்று சாயங்காலம் முதலாளிதான் கற்றுக்கொடுத்தார். ஈரச் சட்டையோடு என் மேஜைக்கு வந்து, "இதெல்லாம் முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் எதையும் வாயால் சொல்வதில்லை. எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வேன்.