பால்மாவுக் கரண்டியும் நாலாயிரம் செடிகளும்

நர்சரியில் அவளை எல்லாரும் அளவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. அங்கே தொட்டிகளில் வளர்ந்தவை நாலாயிரம் ஹாலிச் செடிகள். விளிம்பில் முள் வைத்த பளபளப்பான இலை, குளிர் வந்தால் சிவப்புக் காய். அத்தனைக்கும் தழைச்சத்து உரம் வைப்பவள் அவள் ஒருத்திதான். தொட்டிக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. "அவ கை தராசு மாதிரி" என்று முதலாளியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் அவள் ஏதோ வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவாள். அடக்கம் என்று நினைத்தார்கள். அடக்கமாவது ஒன்றாவது! வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, கொடுத்த அளவுக் கரண்டியை அவள் தொலைத்துவிட்டாள். சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்து, வீட்டில் மகளின் பால்மாவு டின்னில் கிடந்த கரண்டியை எடுத்து வந்தாள். பார்வைக்கு அதே அளவாகத்தான் தெரிந்தது. அந்த மகள் இப்போது ஏழாம் வகுப்பு. கரண்டி மட்டும் மாறவில்லை.

இந்த வருஷம் முதலாளியம்மாவின் மாப்பிள்ளை நர்சரியைப் பார்த்துக்கொள்ள வந்தார். கெட்டவர் இல்லை, எதையும் நிறுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். ஒருநாள் அவள் கரண்டியையும் வாங்கித் தராசில் வைத்தார்.

"அக்கா, இதுல எட்டு கிராம்தான் நிக்குது. மூட்டையில பன்னெண்டுன்னு போட்டிருக்கு."

"அப்படியா சார்" என்று அவள் கரண்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

இந்தமுறை எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு கிராம் என்று மாப்பிள்ளை முடிவுசெய்தார். கடைசி இரண்டு வரிசைக்கு மட்டும் பழைய கரண்டி. "இத்தனை வருஷமா எவ்வளவு வளர்ச்சிய விட்டுட்டோம்னு அத்தைக்குக் காட்டணும்ல."

வீட்டில் கணவனிடம் சொன்னாள். அவன் எதற்கும் கேலி பேசுகிற ஆள். "அப்போ நம்ம பாப்பா வயிறார குடிச்சிருக்கா, நாலாயிரம் பேர் அரைப்பட்டினி" என்றான். வேறு நாளாயிருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

இரண்டாம் மாதம் மற்ற வரிசைகள் கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றன. கடைசி இரண்டும் பக்கத்தில் சோகையாகத் தெரிந்தன. ஒரு மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது, மூட்டையிலிருந்து கை நிறைய உரத்தை அள்ளிக்கொண்டு அவள் அந்த வரிசைகளின் தலைமாட்டில் போய் நின்றாள். தொட்டிக்கு ஒரு சிட்டிகை போதும், மானம் தப்பிவிடும். ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் இந்தச் செடிகளைத் தான் பட்டினி போட்டோமா இல்லையா என்பது தனக்கும் தெரியாமலே போய்விடுமே என்று தோன்றியது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து உரத்தை மூட்டையிலேயே கொட்டினாள்.

நாலாம் மாதம் முதலாளியம்மா முன்னால் மாப்பிள்ளை கணக்குப் பார்த்தார். உயரத்தில் இரண்டுக்கும் விரல்கடை வித்தியாசம்கூட இல்லை. பன்னிரண்டு கிராம் தின்ற செடிகளில் இலைநுனி கருகியிருந்தது. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேர் பழுப்பு. கடைசி வரிசைகளில் வேர் வெள்ளைவெளேரென்று இருந்தது.

"நாலு கிராம் தண்டமா தண்ணியோட கால்வாய்க்குப் போயிருக்கு" என்று மாப்பிள்ளை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன்ல? அவளுக்குத் தெரியும், அதான் கொறைச்சுப் போட்டிருக்கா" என்றார் முதலாளியம்மா. "எப்படிம்மா கண்டுபிடிச்சே?"

ஒரு சிரிப்பு சிரித்து வைத்தால் போதும், காரியம் முடிந்தது. அளவக்காவுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலம்மா. நீங்க கொடுத்த கரண்டிய முதல் வாரமே தொலைச்சிட்டேன். இது பால்மாவுக் கரண்டி. அளவு சரியான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் பயம்."

முதலாளியம்மா அந்தக் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்புறம் எப்படி ஒரு செடிகூட வீணாப் போகல?"

"தினமும் ஒரு நானூறு தொட்டிக்கு அடி இலையத் தூக்கிப் பாப்பேன். சத்து பத்தலன்னா அதுதான் முதல்ல மஞ்சளாகும். லேசா வெளுத்தாலே தண்ணியக் கொறைப்பேன், இருக்கிற உரமும் கரைஞ்சு போயிடக் கூடாதுன்னு. என்னாலதான் சாகுதோன்னு பயம்மா."

"பதினோரு வருஷமாவா?"

"ஆமா."

மாப்பிள்ளை நோட்டில் எட்டு என்று எழுதி அடிக்கோடு போட்டார். முதலாளியம்மா அவள் தோளில் கை வைத்தார். "சரி, எட்டுதான் சரின்னு ஆயிடுச்சு. இனிமேலாவது பயப்படாம வேலையப் பாரு."

அளவக்கா தலையாட்டினாள். பிறகு ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் மெல்லச் சொன்னாள்: "பயமில்லாம இந்த வேலைய எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியாதும்மா."