மூடியில் இருந்த பள்ளம்

எங்கள் வீட்டில் ஒரு பீங்கான் பாத்திரம் இருக்கிறது. அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. முப்பது வருடமாகத் தமிழ் எழுதிப் பிழைக்கிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது, சொல்லிவிட்டேன். வீட்டில் அதற்குப் பெயர் 'பெரிய பீங்கான்'. பூசணிக்காயைக் குறுக்கே வெட்டி உட்கார வைத்தது போன்ற வயிறு, பக்கத்துக்கு ஒரு காது, மேலே குமிழ் வைத்த மூடி. வெள்ளை உடம்பு முழுக்க நீலக் கொடி ஓடும். கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சீமைக் கிரீடமும், அதன் கீழே சிவப்புப் பெயிண்டில் என் மாமனார் வீட்டு விலாசமும் இருக்கும். விலாசம் என்றால் எங்கள் பக்கத்தில் தெரு, கதவிலக்கம் இல்லை. பரம்பரைப் பெயர்களின் முதலெழுத்து வரிசை. கிரீடம் பெரிதா, விலாசம் பெரிதா என்பதில் மாமனார் வீட்டில் யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் இருந்ததில்லை.

சீமையில் சுட்டது, ரங்கூனில் வாங்கியது, வைக்கோல் திணித்த மரப்பெட்டிக்குள் கப்பலேறி, கட்டைவண்டியில் மாமனாரின் ஊரான நேமத்தான்பட்டிக்கு வந்தது என்பது வரலாறு. வரும்போது அதற்குத் தட்டு, கிண்ணம், கோப்பை என்று பெரிய குடும்பமே கூட இருந்ததாம். பாகம் பிரித்தபோது குடும்பம் பங்காளி வீடுகளுக்குச் சிதறிப்போனது. இன்றும் ஏதாவது விசேஷத்துக்குப் போனால், அந்த நீலக்கொடித் தட்டில் ஒன்று சுவரில் மாட்டியிருக்கும். தங்களுடையதுதான் அசல், மற்றதெல்லாம் பிறகு வாங்கியது என்று அந்த வீட்டுக்காரர் சொல்வார். பெரிய பீங்கானுக்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை. காரணம், அதன் மூடி மூளி.

விளிம்பில் ஓரிடத்தில் கட்டைவிரல் அகலத்துக்குப் பிறை மாதிரி ஒரு பள்ளம். கப்பலில் அடிபட்டது என்று ஒரு கட்சி, வண்டியில் அடிபட்டது என்று இன்னொரு கட்சி. கடைசியில் அது என் மாமியார் கைக்கு வந்தது. அவருக்கு அதன்மேல் உயிர். சீப்புச்சீடையை அதில்தான் போட்டு வைப்பார். பள்ளத்தின் வழியாக எறும்பு போகாமல் இருக்க, வெள்ளைத் துணியைச் சுருட்டி அதில் அடைத்து வைப்பார்.

எங்கள் கல்யாணத்தில் பெண் வீட்டில் சாமான் பரப்பினார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளி, பித்தளை, பீங்கான் எல்லாவற்றையும் கூடம் நிறைய அடுக்கி, வருகிறவர்கள் கண்ணாரப் பார்த்துப் போகும் வழக்கம். பெரிய பீங்கானும் அதில் இருந்தது. மாமியார் பள்ளம் சுவர்ப் பக்கம் வரும்படி திருப்பி வைத்திருந்தார்.

என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, சுவர்ப் பக்கத்தையும் பார்க்கிற ஜாதி. குனிந்தார். மூடியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னத்தா இது? மூளிச் சாமானைக் கொண்டாந்து கலியாணத்துல வச்சிருக்கீக?"

மாமியார் பீங்கானைத் தூக்கி, முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே போனார். அது இருந்த இடம் கடைசிவரை காலியாகவே கிடந்தது. நான் கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டிருந்தேன். அநியாயத்தை எதிர்ப்பது பற்றி அதற்குள் நிறையப் படித்திருந்தேன். கொஞ்சம் எழுதியும் இருந்தேன். அன்றைக்கு அந்த மாலையின் பூவில் ஒரு எறும்பு ஊர்கிறதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததாக ஞாபகம்.

இது நடந்து இருபத்தாறு வருடம். மனைவி இதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டவில்லை. பீங்கான் மட்டும் எங்கள் காரைக்குடி வீட்டுக்கு அவளோடு வந்தது. உள் அறையில், துணி அடைப்போடு. இந்த வருடம் மகள் கல்யாணம் நிச்சயமானதும், சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். முதல் வரியில் 'பெரிய பீங்கான்' என்று எழுதினாள்.

"அத்தை வருவாகளே," என்றேன்.

"வரட்டும். எங்க ஆத்தா கூடத்துல வச்ச சாமான். இந்தத் தடவை அது உள்ள போகாது."

அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. போன வருடம்தான் கண்ணில் புரை எடுத்து, முன்னைவிடத் தெளிவாகப் பார்க்கிறார். சம்பந்தி வீட்டார் முன்னால், அத்தனை பேர் கூடியிருக்கும்போது, மறுபடியும் அந்தச் சொல் வந்து விழுந்தால் மனைவி என்ன செய்வாள்? அதைவிட, நான் என்ன செய்வேன்? கழுத்தில் மாலைகூட இருக்காது.

அந்த மாதத்தில்தான் வெளியூர் நண்பர் ஒருவர் வந்தார். கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள், அங்கே சாப்பிட வேண்டும் என்றார். போனோம். காய்ச்சல் வந்தால் நம் வீட்டில் கொடுக்கும் மிளகுத் தண்ணிக்கு அங்கே ஆங்கிலப் பெயரும் தனி மரியாதையும் உண்டு. மீசை நரைத்த பரிசாரகர் ஒருவர் அதை மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் பாத்திரத்தில் கொண்டுவந்து வைத்தார். மூடி ஒட்டி மூடியிருந்தது. ஆனால் ஒரு கரண்டியின் காம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விளிம்பில், பிறை மாதிரி, கட்டைவிரல் அகலப் பள்ளம்.

"அண்ணே, இந்த மூடி உடைஞ்சிருக்கா?"

"உடையலைங்க. கரண்டி வெளிய நிக்கிறதுக்கு வழி. வார்க்கும்போதே அப்படித்தான் வார்ப்பாக." அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "சூப்பு குடிச்சதில்லையா நீங்க?"

ஆங்கில நாவல்களில் வருகிற அத்தனை சூப்பையும் படித்தே குடித்தவன் நான். பிரபுக்களும் பிரபுப் பெண்களும் அதை ஊற்றிக்கொண்டே சண்டை போட்ட பக்கங்கள் எல்லாம் மனப்பாடம். மூடியை மட்டும் எவனும் எனக்குச் சொல்லவில்லை.

நண்பரை அரைச் சாப்பாட்டில் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். துணி அடைப்பைப் பிடுங்கினேன். உடைந்த பீங்கான் சொரசொரவென்று இருக்கும். இந்தப் பள்ளம் கண்ணாடி மாதிரி வழுவழுத்தது. அதையும் விடுங்கள். மூடியின் ஓரம் முழுக்க ஒரு நீலக் கோடு ஓடுகிறது. பள்ளம் வந்ததும் அந்தக் கோடு அதற்குள் இறங்கி, வளைந்து, மறுபக்கம் ஏறிப் போகிறது. கப்பலில் உடைந்த இடத்துக்கு யார் கோடு போட்டது? நான்கு தலைமுறை அந்தக் கோட்டைத் தினமும் துடைத்தது. நான் இருபத்தாறு வருடம் அதிலிருந்து சீப்புச்சீடை எடுத்துத் தின்றேன்.

மனைவியிடம் காட்டினேன். ஓட்டலில் நடந்ததையும் சொன்னேன். அவள் விரலால் கோட்டின்மேல் மெதுவாகப் போய்வந்தாள்.

"எங்க ஆத்தா இருக்கும்போதே அந்தச் சூப்பைக் குடிச்சிருக்கக் கூடாதா நீங்க?"

பிடுங்கிய துணி அடைப்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

சாமான் பரப்பும் நாள் வந்தது. பெரிய பீங்கான் நட்டநடுவில், ஒரு மணையின் மேல் இருந்தது. பள்ளம் வாசலைப் பார்த்து. நான் ஒரு சிறு சொற்பொழிவு தயாரித்திருந்தேன்: ரங்கூன், கப்பல், கரண்டி, நீலக் கோடு என்று ஒழுங்காகப் போகும், கடைசியில் கொஞ்சம் குரல் தழுதழுக்கும். அத்தை பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளியைப் பார்க்கவில்லை, பித்தளையைப் பார்க்கவில்லை. நேரே வந்து நின்றார்.

"இது அந்த மூளிதானே?"

நான் தொண்டையைச் செருமினேன்.

"அதேதான் ஆச்சி," என்றாள் மனைவி. மூடியை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தாள். "புரை எடுத்த கண்ணுதானே. நல்லாப் பாருங்க. நீலக் கோடு எங்குட்டுப் போகுதுன்னு பாருங்க."

அத்தை மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் சுற்றி நின்றார்கள். விரல் கோட்டோடு போனது, பள்ளத்தில் இறங்கியது, ஏறியது. இன்னொரு முறை போனது.

"கரண்டிக்கு விட்ட வழி ஆச்சி. எங்க ஆத்தா வச்சது நல்ல சாமான்."

குரல் நடுங்கவில்லை. என் சொற்பொழிவு தொண்டையிலேயே கரைந்துபோனது. அவள் ஒரே வரியில் முடித்துவிட்ட பிறகு நான் எதற்கு?

அத்தை மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். மன்னிப்பு என்பது அவர் அகராதியில் அடுத்தவர்கள் கேட்பது.

"கரண்டியை எங்கடி காணோம்? கரண்டி இல்லாம வெறும் மூடியை வச்சா, பாக்குறவ மூளின்னுதான் சொல்லுவா" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அதட்டினார்.

மனைவி பரப்பியிருந்ததிலிருந்து ஒரு வெள்ளிக் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். அத்தையே அதைப் பீங்கானுக்குள் வைத்து, மூடியைப் பொருத்தினார். காம்பு கொஞ்சம் சாய்ந்து நின்றது. அந்த நேரம் சம்பந்தியின் கொழுந்தியாள் ஒருத்தி உள்ளே வந்து, மூடியைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

"என்ன பாக்குறீக? உடைஞ்சதில்லை. சீமைக்காரன் கரண்டிக்குன்னே வழிவிட்டு வார்ப்பான். ரங்கூன் சாமான். எங்க வீட்டுக்கு வந்த மருமக கொண்டாந்தது. இப்ப உள்ளவுகளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

மனைவியை ஓரமாக இழுத்துக்கொண்டு போய், "அன்னைக்கு மூளின்னு சொன்னது யாரு? பூராத்தையும் இவுகதான் கண்டுபிடிச்ச மாதிரில்ல பேசுறாக" என்றேன்.

"சொல்லட்டும் விடுங்க. நான் சொன்னா பீத்திக்கிறேன்ம்பாக. நீங்க சொன்னா யாரும் கேக்க மாட்டாக. அவுக வாயாலயே சொல்லட்டும்."

பிறகு அவள் போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மணைக்கு அருகில் போட்டு, அத்தையை உட்கார வைத்து, கையில் ஒரு டம்ளர் மோரும் கொடுத்தாள். பந்திக்குக் கூப்பிடும்வரை அத்தை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடப் போனார்கள்.