தீப்பெட்டி அளவு ஆம்ப்பும் செந்தூல் கிரிகரியும்

செந்தூல் கிரிகரிக்கு அறுபத்திரண்டு வயது. அதில் இருபத்தேழு வருஷம் கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைகளுக்குக் கண்டெய்னர் லோரி ஓட்டியே கழித்தவர். ஆனால் லோரிக்காரர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஹெட்போன் பைத்தியம் பிடித்தவர்கள் அவரையும் சேர்த்துப் பதினோரு பேர் உண்டு. மற்றவர்களுக்கு அவர் ‘காது கிரிகரி’.

இந்தப் பதினோரு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரிகரி தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வந்ததும், ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக்கடையின் மாடியில் கூடுவார்கள். தங்களுக்கு ‘சத்தக் கோஷ்டி’ என்று பெயரும் வைத்திருந்தார்கள். கூடிச் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஆம்ப்களை ஒப்பிடுவது. கைப்பேசியிலிருந்து வரும் பாட்டுக்குக் கொஞ்சம் சத்து ஊட்டி ஹெட்போனுக்கு அனுப்பும் பெட்டிக்குத்தான் ஆம்ப் என்று பெயர். சட்டைப் பையில் போடுகிற மாதிரி சின்னதும் உண்டு, செங்கல் மாதிரி பெரியதும் உண்டு. எது நன்றாகப் பாடுகிறது, அதைத் தூக்கிக்கொண்டு அலைவது தகுமா, இந்த இரண்டு கேள்விக்கு இவர்கள் குடித்துத் தீர்த்த தே தாரிக் தேநீரை ஊற்றினால் கிள்ளான் ஆற்றில் வெள்ளம் வரும்.

ஒப்பிடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஆம்ப்களை மேசையில் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அளவைப் பார்த்தால் கண் மயங்கும், கண் மயங்கினால் காதும் மயங்கும் என்பது அவர்கள் வேதம். பங்சாரில் ஹெட்போன் கடை வைத்திருக்கும் சுகுமாறன் துண்டுக்குள் கையை விட்டு வயரை மாற்றி மாற்றிச் சொருகுவார். கிரிகரி கண்ணை மூடிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

தீர்ப்புக்கு மறுபேச்சுக் கிடையாது. ஏனென்றால், துண்டுக்கு அடியில் கிரிகரியின் சொந்த ஆம்ப்பும் எப்போதும் இருக்கும். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று இரண்டு திருகு வைத்த பழைய செங்கல் அது. துண்டு போடுவதற்கு முன்னால் அவரே திருகுகளைச் சரிபார்த்து வைப்பார். வேறு யாரும் தொட்டால் கோபம் வரும். எத்தனை முறை மாற்றிச் சொருகினாலும் ‘இதுதான் என்னோடது’ என்று ஒரு தடவைகூடத் தப்பாமல் சொல்லிவிடுவார். நம் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. ஒருவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி, சொன்னதும் பலித்துவிட்டால், அதற்கு மேல் நாம் எதையும் யோசிக்க மாட்டோம்.

கிரிகரி ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார்.

“சின்னப் பெட்டி ரெண்டு பிள்ளைக்குச் சமமா சோறு போடாது லா. லெஃப்ட் காதுக்குப் போட்டுட்டு ரைட் காதப் பட்டினி போட்டுடும்.”

அவர் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் சின்ன ஆம்ப்களில் வலது பக்கம் சோடையாகத்தான் கேட்டது. கமலநாதன் என்பவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசையாக ஒரு சின்ன ஆம்ப்பைக் கொண்டுவந்தார். கிரிகரி “ரைட் சோடை” என்றார். கமலநாதன் அதை வந்த விலைக்கு விற்றுவிட்டு, கோஷ்டிக்கு வருவதையும் நிறுத்திக்கொண்டார். சுகுமாறன் தன் கடையில் சின்ன ஆம்ப் எதையும் வைப்பதே இல்லை.

இப்படியிருக்க, போன ஜூன் மாதம் புனிதா வந்தாள். கிள்ளான்காரி. ஷா ஆலமில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் டெக்னிஷியன். வேலை முடிந்து வந்து வீட்டில் சமையல் மேசையில் உட்கார்ந்து, தீப்பெட்டி அளவில் ஒரு ஆம்ப்பைத் தானே செய்திருந்தாள். ஒன்றல்ல, நாற்பது. ஒன்றரை வருஷ உழைப்பு.

சுகுமாறன் அவளிடம் பச்சையாகவே சொல்லியிருந்தார். “கிரிகரி அங்கிள் ஓகே சொன்னா நாப்பதையும் நான் எடுத்துக்கிறேன். அவரு வேணாம்னா எங்கேயும் போகாதும்மா. அவரு பேச்சு பினாங்கு வரைக்கும் போகும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை துண்டுக்கு அடியில் மூன்று இருந்தன: கிரிகரியின் செங்கல், சுகுமாறன் கடையிலிருந்து வந்த நடுத்தரப் பெட்டி ஒன்று, புனிதாவின் தீப்பெட்டி. ஒரு பெண் குரலும் மிருதங்கமும் மட்டும் வரும் பாட்டைப் போட்டார்கள். கிரிகரி கண்ணை மூடினார். முதலாவதைக் கேட்டு “என்னோடது” என்றார். சரி. இரண்டாவதற்கு உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதைக் கொஞ்சம் அதிக நேரம் கேட்டார். 

“குரல் சுத்தமா இருக்கு. தோல் சத்தமும் நல்லா இருக்கு. ஆனா ரைட் சோடை. மிருதங்கம் ஒரு பக்கமா ஒதுங்கி நிக்குது.” கண்ணைத் திறந்து, துண்டை விலக்கி, தீப்பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு திருப்தி. “நான் என்ன சொன்னேன்? இந்த சைஸுக்கு அவ்வளவுதாம்மா.”

மற்ற ஒன்பது தலைகளும் ஆடின. சுகுமாறன் கீழே குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

புனிதா அழவில்லை. பைக்குள் கையை விட்டு ஒரு மீட்டரை எடுத்தாள். தன் ஆம்ப்பின் இரண்டு பக்கத்தையும் அளந்து எல்லாருக்கும் காட்டினாள். இடதும் வலதும் இம்மி பிசகாமல் ஒரே அளவு.

“மீட்டருக்குக் காது இருக்காம்மா?” என்றார் கிரிகரி. கோஷ்டி சிரித்தது.

“இல்ல அங்கிள். அதனாலதான் அது பொய் சொல்லாது. உங்களோடதையும் ஒரு தடவ அளந்து பாக்கட்டுமா?”

யாரும் இதுவரை அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. வேண்டாம் என்றால் பயந்துவிட்டதாக நினைப்பார்கள். “பாரேன்” என்று நகர்த்தி வைத்தார். புனிதா அளந்தாள். இன்னொரு தடவையும் அளந்தாள்.

“அங்கிள், இதுல ரைட் சைடு லெஃப்ட மாதிரி மூணு மடங்கு வருது.”

“பழைய மெஷின்மா. ரைட் கொஞ்சம் கொஞ்சமா வீக் ஆகிட்டு வந்திச்சி. நான் திருகக் கூட்டிக் கூட்டிச் சமமா வச்சிருக்கேன்.”

“கூட்டின பிறகு வெளிய வர்றதத்தான் அங்கிள் இது காட்டுது. சமமா இருந்தா ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கணும்.”

புனிதா தன் தீப்பெட்டியில் மறுபடியும் வயரைச் சொருகி, ஹெட்போனை அவரிடம் நீட்டினாள். “ஒண்ணே ஒண்ணு செய்ங்க அங்கிள். இத மாத்திப் போடுங்க. ரைட்ட லெஃப்ட் காதுல, லெஃப்ட்ட ரைட் காதுல. என் பெட்டியில ரைட் சோடையா இருந்தா, இப்ப உங்க லெஃப்ட் காதுக்குக் கொறைவாக் கேக்கணும்.”

கிரிகரி மாற்றிப் போட்டார். பாட்டு தொடங்கியது.

இடது காதில் மிருதங்கம் கணீரென்று விழுந்தது. வலது காதில் அதே சோடை.

தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று கழற்றி, L, R எழுத்தைப் பார்த்துப் போட்டார். அதே சோடை. நேராகப் போட்டார், மறுபடி மாற்றினார். ஹெட்போன் எந்தப் பக்கம் திரும்பினாலும் சோடை மட்டும் இடம் மாறவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் லோரியில் பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போய்விட்ட மாதிரி இருந்தது. எல்லாரும் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும், எந்தப் பக்கம் திரும்புவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குள் சுகுமாறன், இத்தனை வருஷமும் யாரும் தொடாத அந்தச் செங்கலில் வேறொரு ஹெட்போனைச் சொருகிக் காதில் வைத்தார். வைத்த வேகத்தில் பிடுங்கி மேசையில் போட்டார். வலது காதைக் கையால் பொத்திக்கொண்டார். “என்னண்ணே இது, காதக் கிழிக்குது” என்றவர், சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து வாயை மூடினார்.

தன் ஆம்ப்பைத் துண்டுக்கு அடியில் தப்பாமல் கண்டுபிடித்த ரகசியமும் அதுதான். வலது காதுக்குக் கேட்கிற ஒரே பெட்டி அது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கிரிகரி ஊரிலுள்ள கூடத்தையெல்லாம் கோணல் என்று சொல்லியிருந்தார். அதைவிடக் கொடுமை, காது நன்றாக இருந்த பத்துப் பேர் ஆமாம் கோணல்தான் என்று தலையாட்டியிருந்தார்கள். அவர்கள் முகத்திலும் ஈயாடவில்லை.

புனிதாதான் முதலில் பேசினாள். வயதில் பெரியவரை இப்படி நிறுத்திவிட்டோமே என்று அவளுக்கே சங்கடமாகியிருக்க வேண்டும். “ஹெட்போன் வயர்ல ஏதாச்சும் லூஸா இருக்கலாம் அங்கிள். இன்னொரு நாள் பாப்போம்.”

நல்ல கதவு அது. அதன் வழியாக அவர் மானத்தோடு வெளியே போயிருக்கலாம். காது கிரிகரி காது கிரிகரியாகவே இருந்திருப்பார். நாற்பது தீப்பெட்டிகளும் கிள்ளானில் ஒரு அலமாரியில் கிடந்திருக்கும். ஒரு நிமிஷம் அவருக்கு அந்த ஆசை வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். பிறகு ஹெட்போனைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

“வயர் இல்லம்மா. என் காது. ரைட் காது போயிடுச்சி.”

அவர் சுகுமாறன் பக்கம் திரும்பினார். “உன் பெட்டிய விட இது சின்னது, ஆனா சுத்தம் அதிகம். நாப்பதையும் எடு. எனக்கு லெஃப்ட்ல மட்டும் கேட்டதே அவ்வளவு நல்லா இருந்திச்சி. நீ ரெண்டு காதாலயும் கேளு, யார் சொல்றதையும் கேக்காத.” கைப்பேசியை எடுத்துக் கோஷ்டியின் வாட்ஸ்அப்பிலும் அதையே குரலில் பதிந்து போட்டார். கமலநாதனுக்குத் தனியாக ஒன்று அனுப்பினார்: “உங்க பெட்டியில ஒண்ணுமில்ல. தப்பு எங்கிட்டதான் இருந்திருக்கு. மன்னிச்சிக்குங்க.” பேசும்போது குரல் உடைந்ததை அவர் மறைக்கவில்லை.

கொமுட்டர் ரயிலில் செந்தூல் திரும்பும் வழியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்தார். லோரியில் ஓட்டுநர் பக்கம் வலது பக்கம். சிகரெட்டுக்காக அந்தப் பக்கக் கதவுக் கண்ணாடியை இருபத்தேழு வருஷம் இறக்கியே வைத்திருந்தார். காற்றும், பக்கத்து லோரிகளின் ஹாரனும் அந்தக் காதிலேயே விழுந்தன. உதவிக்கு வருகிற ஆள் உட்கார்ந்ததும் பேசியதும் இடது பக்கம். போனைப் பிடிப்பதும் இடது கையில். ஒரு பக்கம் அணைந்துபோனதைச் சொல்ல, அந்தப் பக்கம் யாருமே இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டார். அடுக்குமாடியின் படிக்கட்டில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, இடது காதருகே இரண்டு விரலை உரசினார். சரசரவென்றது. வலது காதருகே உரசினார். விரல் உரசுவது தெரிந்தது, அவ்வளவுதான்.

மனைவி மகதலேனா சாப்பாட்டு மேசையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கிரிகரி எதிரே உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார். ஹெட்போனை மாற்றிப் போட்டதைச் சொன்னபோது அவர் நறுக்குவதை நிறுத்தினார்.

“எந்தக் காதுன்னு சொன்னீங்க?”

“ரைட்.”

“எத்தன வருஷமா இருக்கும்?”

“திருகத் தள்ளி வச்சத வச்சிப் பாத்தா ஆறேழு வருஷம் இருக்கும்.”

மகதலேனா கத்தியைக் கீழே வைத்தார்.

“நீங்க இடது பக்கம் ஒருக்களிச்சிப் படுப்பீங்க. அந்தக் காது தலகாணியில புதைஞ்சிருக்கும். நான் உங்க முதுகுப் பக்கம். எங்கக்கா செத்தப்ப ஒரு வாரம் ஒவ்வொரு ராத்திரியும் உங்ககிட்ட அழுது பேசினேங்க. நீங்க திரும்பவே இல்ல. தூங்கல, முழிச்சித்தான் இருந்தீங்க, எனக்குத் தெரியும். சரி, இவருக்கு நம்ம பேச்சு வேணாம் போலன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் எதையும் சொல்றதில்ல.”

மாடியில் பட்ட அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கே போனது பேர். தீப்பெட்டிக்கும் செங்கலுக்கும் மயிரிழை வித்தியாசம் பிடிக்கக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்த வருஷங்களில்தான், ஒரு கை தூரத்தில் ஒருத்தி அழுது ஓய்ந்து பேச்சையே விட்டிருக்கிறாள்.

கிரிகரி எழுந்தார். நாற்காலியைத் தூக்கி மேசையைச் சுற்றி வந்து, தன் இடது காது மனைவி பக்கம் இருக்கும்படி போட்டு உட்கார்ந்தார்.

“இப்ப சொல்லு மகதலேனா. கேக்குறேன்.”

மகதலேனா நறுக்கிய பயற்றங்காயைக் கையால் ஒதுக்கினார். மறுபடி ஒதுக்கினார்.

“எதுலேர்ந்துங்க சொல்றது?” என்றார்.